பேனைக்குள் தெரியும் பித்தளை: அக்ரிலிக் பேனைகளில் பெயின்ட் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்துவது

சென்ற கிழமை பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் பாதி கடைந்த பேனைக் கட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நீலமும் பச்சையும் கலந்த, ஒளி ஊடுருவும் அக்ரிலிக். காலை நேரத்து நிலாவெளிக் கடலின் நிறம். ஆனால் நடுவில் ஒரு விரலகலத்துக்குப் பளபளவென்று ஒரு திட்டு, ஒரு முனையில் மஞ்சள் கீற்று.

“அண்ணை, டியூப்புக்கு ரெண்டு தரம் பெயின்ட் அடிச்சனான். பிறகும் உள்ளுக்குத் தெரியுது. பெயின்ட் கூடாதோ?”

“பெயின்டில பிழை இல்லைத் தம்பி. மஞ்சளாத் தெரியுறது வேற, வெள்ளியாத் தெரியுறது வேற. யன்னலடிக்குக் கொண்டு வாங்கோ.”

அன்று அவருக்குச் சொன்னதையும், நேரமில்லாமல் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கட்டையில் நீளவாக்கில் துளை போட்டு, பித்தளை டியூப் ஒன்றைப் பசையால் உள்ளே ஒட்டி, அதன்பின் லேத்தில் பேனையின் வடிவத்துக்குக் கடைகிறோம். ஒளி ஊடுருவும் கட்டையில் அந்தப் பித்தளை வெளியே தெரியாமலிருக்கத்தான் பெயின்ட். அக்ரிலிக் பேனையில் பெயின்ட் பிழை லேத்தில் வைத்துக் கடையும்போதுதான் கண்ணில் படும். ஆனால் அது நடந்தது அதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ முன்னர், துளை போட்டபோது அல்லது பெயின்ட் காயுமுன் பசை பூசியபோது. அதனால் கண்ணில் படும் அடையாளத்திலிருந்து பின்னோக்கிப் போனால்தான் காரணம் பிடிபடும்.

முதலில் ஒரு கணக்கு. சாதாரண மெல்லிய பேனைக் கிட்டின் (பேனைக்கு வேண்டிய உலோகப் பாகங்கள் அடங்கிய பொதி) பித்தளை டியூப்புக்கு 7 மில்லிமீட்டர் துளை போடுகிறோம். கடைந்து முடிந்தபின் புஷ் (லேத்தில் கட்டையின் முனையில் மாட்டி, எந்த அளவுக்குக் கடைவது என்று காட்டும் உலோக வளையம்) வரும் முனையில் பேனையின் விட்டம் ஏறக்குறைய 8.3 மில்லிமீட்டர். அப்படியென்றால் அந்த இடத்தில் மிஞ்சுகிற அக்ரிலிக்கின் தடிப்பு அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கட்டையாக இருக்கும்போது இருட்டாகத் தெரிந்த நிறம் அந்த இடத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். “இந்தக் கட்டை தடிப்பான நிறம், பெயின்ட் தேவையில்லை” என்று நினைத்து ஏமாறுவது இதனால்தான். சந்தேகமென்றால் கட்டையின் மூலையில் அரை மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு சீவல் வெட்டி எடுத்து, ஒரு பித்தளைத் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். பித்தளை தெரிந்தால் பெயின்ட் வேண்டும்.

மஞ்சள் கீற்று தெரிகிறது

கட்டையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். எந்தக் கோணத்திலும் மஞ்சளாகவே, ஒரே இடத்தில் நின்றால் அது பித்தளைதான். பெயின்ட் அந்த இடத்தில் இல்லை.

கீற்று நீளவாக்கில் கோடு கோடாக ஓடினால், டியூப்பை உள்ளே தள்ளும்போது துளையின் ஓரம் பெயின்டைச் சுரண்டியிருக்கிறது. துளை இறுக்கம். 7 மில்லிமீட்டர் பிட் வெறும் டியூப்புக்குப் போதும், பெயின்ட் பூசிய டியூப்புக்குப் போதாது. 7.1 அல்லது 7.2 மில்லிமீட்டர் பிட் கிடைத்தால் அதைப் போடுங்கள். அங்குல அளவுப் பிட்டுகள் உள்ள பெட்டி வைத்திருப்பவர்கள் 9/32 அங்குலத்தை எடுக்கலாம், அது 7.14 மில்லிமீட்டர். சரியான துளை என்றால் பெயின்ட் காய்ந்த டியூப் விரலால் தள்ளத் தடையில்லாமல் போகும், ஆனால் ஆடாது. சுத்தியலோ வைஸோ தேவைப்பட்டால் அந்தக் கணமே நிறுத்துங்கள்.

கீற்று திட்டுத் திட்டாக, உரிந்த தோல் மாதிரி இருந்தால், பெயின்ட் பித்தளையில் பிடிக்கவே இல்லை. நம்முடைய ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. திறந்த தட்டில் கிடக்கும் பித்தளை சில நாட்களில் மங்கி, மேலே ஒரு மெல்லிய படலம் கட்டிவிடும். அதன் மேல் அடித்த பெயின்ட் அந்தப் படலத்தைத்தான் பிடிக்கும். ஆகவே டியூப்பை இன்று தேய்த்து வைத்து அடுத்த கிழமை பெயின்ட் அடிக்கக் கூடாது. 150 முதல் 240 வரையான சான்ட் பேப்பரில் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, அசிற்றோனில் நனைத்த துணியால் துடைத்து, அப்புறம் வெறுங்கையால் தொடாமல் அன்றைக்கே பூசுங்கள். விரல் ரேகை பட்ட இடத்தில் பெயின்ட் ரேகையின் வடிவிலேயே உரிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

டியூப்பைப் பிடிப்பதற்கு நான் ஈர்க்கு பாவிக்கிறேன். விளக்குமாற்றிலிருந்து நாலைந்து ஈர்க்கை முறித்துச் சேர்த்து டியூப்புக்குள் சொருகினால் இறுகி நிற்கும். மறுமுனையை மணல் நிரப்பிய பால்மா டின்னில் குத்திவிடலாம். டியூப்பைச் சுற்றிச் சுற்றி ஸ்ப்ரே அடிக்க வசதி, காயும்வரை எதிலும் ஒட்டாது. ஈர்க்குகளின் மேல்நுனியில் கொஞ்சம் மெழுகு அப்பிவிட்டால் பெயின்ட் டியூப்பின் உள்ளே போகாது. அது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

வெள்ளி மாதிரி மினுங்குகிறது

இதுதான் ஆட்களை அதிகம் குழப்புவது. சாய்க்கும்போது மினுக்கம் கூடிக் குறைந்து, ஒரு கோணத்தில் கண்ணாடி மாதிரி பளிச்சிட்டால் அது காற்று. அக்ரிலிக்குக்கும் டியூப்புக்கும் இடையில் பசை போய்ச் சேராத இடம். தண்ணீருக்குள் இருக்கும் காற்றுக்குமிழி வெள்ளியாகத் தெரிகிறதல்லவா, அதே சங்கதிதான். இதற்கு டியூப்பில் பத்துத் தரம் பெயின்ட் அடித்தாலும் பலனில்லை. பெயின்ட் அங்கே பத்திரமாக இருக்கிறது. அதற்கு முன்னால் காற்று நிற்கிறது.

காரணம் பெரும்பாலும் சூப்பர் குளூ. அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டுதான் இறுகுகிறது. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும்போது இங்கே காற்றே ஈரச்சீலை மாதிரி. டியூப்பைப் பாதி தள்ளும்போதே பசை பிடித்துவிடும். முன்னாலிருந்த பசை வழிக்கப்பட்டு ஒரு பக்கம் சேர, மறு பக்கம் வெறுமையாகும். கூடவே அதன் ஆவி பக்கத்தில் வெண்மையாகப் படிந்து மங்கலும் உண்டாகும். ஒளி ஊடுருவும் கட்டைக்கு நான் சூப்பர் குளூவைத் தொடுவதே இல்லை. இரண்டு பாகம் கலக்கும் எபொக்சிதான். கலந்தபின் அவசரப்படாமல், துளையின் உட்சுவரிலும் ஒரு குச்சியால் பூசி, டியூப்பிலும் பூசி, முறுக்கிக்கொண்டே மெல்ல உள்ளே விட வேண்டும். பாதி போனதும் ஒரு தரம் வெளியே இழுத்து மறுபடி முறுக்கித் தள்ளினால் பசை எல்லா இடமும் பரவும். மறுமுனையில் பசை வளையமாகப் பிதுங்கி வர வேண்டும். வரவில்லையென்றால் உள்ளே வெறுமை இருக்கிறது.

ஆனாலும் இந்த நோய்க்கு நல்ல மருந்து பசையில் இல்லை, பெயின்டை எங்கே பூசுகிறோம் என்பதில் இருக்கிறது. டியூப்பில் மட்டும் பூசினால் கண்ணுக்கும் பெயின்டுக்கும் நடுவே பசை இருக்கிறது. பசையின் ஒவ்வொரு குறையும் தெரியும். துளையின் உட்சுவரில் பூசினால் பெயின்ட் அக்ரிலிக்கோடு நேரே ஒட்டிவிடும். அதற்குப் பின்னால் குமிழி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. “அப்படியானால் டியூப்பில் எதற்கு?” என்று கேட்டால், துளைக்குள் பூசியது எங்காவது மெலிந்திருந்தால் பின்னால் மஞ்சள் தெரியாமலிருக்க. நான் இரண்டிலும் ஒரே நிறத்தைப் பூசுகிறேன். நேரம் இரட்டிப்பாகும். அது வீண்போகும் நேரம் இல்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

துளைக்குள் பூசும் விதம்: தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்டை, பால் ஆடை அளவுக்குத் தடிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். காது துடைக்கும் பஞ்சுக்குச்சியில் தோய்த்து உள்ளே விட்டுச் சுழற்றி, வெளிச்சத்துக்கு நேரே குழாய் பார்ப்பதுபோலப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அந்த இடம் பூசப்படவில்லை. கட்டையைக் கடதாசியின் மேல் நிமிர்த்தி வையுங்கள், கால் மணித்தியாலத்துக்குப் பின் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். திருப்பாமல் விட்டால் அடிமுனையில் பெயின்ட் தேங்கிக் கட்டியாகும். நாளைக்கு டியூப் அங்கேதான் இறுகும். கட்டி பிடித்துவிட்டால் பிட்டை மறுபடி உள்ளே விடாதீர்கள், பூசியது முழுவதும் போய்விடும். சான்ட் பேப்பரைச் சுருட்டிக் கட்டியை மட்டும் தேயுங்கள்.

ஏற்கெனவே ஒட்டிக் கடைந்துவிட்ட கட்டையில் நடுவில் வெள்ளித் திட்டு இருந்தால் அதைத் திருத்த வழியில்லை. தம்பியிடமும் அதைத்தான் சொன்னேன். அக்ரிலிக்கை டியூப் வரை உளியால் சீவி எடுத்து, டியூப்பைத் தேய்த்துச் சுத்தமாக்கி மறுபடி பாவிக்கலாம். கிட்டுகள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருப்பதால் டியூப்பைக் காப்பாற்றுவதும் ஒரு லாபம்தான்.

உள்ளே திருகு மாதிரி சுருள் கோடுகள்

பெயின்ட் துளைச்சுவரின் வடிவத்தை அப்படியே படம் பிடித்துக் காட்டும். கோடு இருந்தால் துளையிடலில் பிழை. பிட் மழுங்கியிருக்கலாம், அல்லது சூட்டில் அக்ரிலிக் உருகிப் பிட்டில் ஒட்டிச் சுவரை உழுதிருக்கலாம். நல்ல துளையில் சீவல் நீள நாடாவாக வரும். தூளாகவோ பசையாகவோ வந்தால் நிறுத்துங்கள். சில மில்லிமீட்டருக்கு ஒரு தரம் பிட்டை வெளியே எடுத்துச் சீவலை அகற்றிச் சூடாற விடுங்கள். 6.5 போன்ற சிறிய பிட்டால் முதலில் துளைத்து, கடைசி அளவை மெல்ல ஒரே ஓட்டமாக எடுத்தால் சுவர் அழகாக வரும். மறுமுனையால் பிட் வெளியேறும்போது கட்டை வெடிப்பதைத் தவிர்க்க, கட்டையைச் சற்று நீளமாக வெட்டி வைத்து, பிட் வெளியே வராமலே நிறுத்தி, மிச்சத்தை அரிந்து எடுங்கள்.

பெயின்ட் சுருங்கிவிட்டது, அல்லது நாட்கணக்கில் காயவில்லை

எனாமல் பெயின்ட் பிராணவாயுவை எடுத்துக்கொண்டுதான் இறுகும். ஒடுங்கிய துளைக்குள் காற்றோட்டம் இல்லை. மேலே தோல் கட்டி உள்ளே பச்சையாகக் கிடக்கும். அதன் மேல் பசை பட்டால் சுருங்கும். அதனால் எனாமலை டியூப்போடு நிறுத்திக்கொண்டு, துளைக்கு நீர்ப் பெயின்ட் பாவிக்கச் சொல்கிறேன். ஸ்ப்ரேயில் இரண்டாம் பூச்சை எவ்வளவு நேரத்துக்குள், அல்லது எவ்வளவு நேரத்துக்குப் பின் அடிக்க வேண்டும் என்று கேனிலேயே எழுதியிருக்கும். நடுவில் அடித்தால் கீழ்ப்பூச்சு ஊறி, நெருப்பில் வாட்டிய இலை மாதிரிச் சுருளும்.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது மாலையில் பூசியது காலையில் காய்ந்திருக்கும். மாரியில் அந்தக் கணக்கு செல்லாது. ஒரு மரப்பெட்டிக்குள் பழைய இழைக் குமிழ் ஒன்றை எரியவிட்டு, கட்டைகளை எட்டத்தில் நிறுத்தி வைக்கிறேன். கைக்கு இளஞ்சூடாக இருந்தால் போதும். காய்ந்ததா என்று பார்க்க மூக்குதான் கருவி: துளையை முகர்ந்தால் பெயின்ட் வாசம் இருக்கக்கூடாது. வாசம் இருந்தால் இன்னொரு நாள்.

மழை நாளில் வெளியே ஸ்ப்ரே அடித்துப் பெயின்ட் பால் தெளித்ததுபோல வெளிறினால், அது காற்றின் ஈரம் பூச்சில் படிந்தது. உலர்ந்த நாளில் மேலே ஒரு மெல்லிய பூச்சு அடித்தால் பெரும்பாலும் சரியாகும்.

துளையைச் சுற்றி மயிர் மாதிரி வெடிப்புகள்

கட்டையைச் சுத்தப்படுத்த எதைப் பாவித்தீர்கள் என்று யோசியுங்கள். அசிற்றோனும் தின்னரும் பித்தளைக்கு நல்லவை, அக்ரிலிக்கைக் கரைத்துவிடும். மருந்துக்கடை அல்கஹோல் கூட, துளையிட்ட சூட்டில் உள்ளே இறுக்கம் கண்ட அக்ரிலிக்கில் மெல்லிய வெடிப்புகளைக் கிளப்பும். சிலவேளை உடனே தெரியாது, அடுத்த நாள் காலையில் தெரியும். துளையைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, போத்தல் கழுவும் சின்னத் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி உலரவிட்டால் போதும். தின்னர் கலந்த ஸ்ப்ரேயைத் துளைக்குள் அடிப்பதும் இதே ஆபத்துத்தான். வெடித்த கட்டையை எறிந்துவிடுங்கள். கடையும்போது அது கையில் சிதறும், கண்ணுக்குக் கூடாது.

நினைத்த நிறம் வரவில்லை

வெள்ளை பின்னால் இருந்தால் நிறம் வெளிச்சமாகும், கறுப்பு இருந்தால் ஆழமாகி, முத்துச் சுழிகள் எடுப்பாகத் தெரியும். கட்டையின் நிறத்தையே பின்னால் கொடுத்தால் பார்ப்பவருக்குப் பெயின்ட் இருப்பதே தெரியாது. முடிவெடுக்குமுன் நிறக் கடதாசியைச் சுருட்டித் துளைக்குள் விட்டுப் பாருங்கள். வெறுமனே விட்டால் இடையில் காற்று நின்று நிறம் மங்கலாகத் தெரியும். துளைக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கடதாசியை நனைத்துச் சுவரோடு ஒட்டவைத்தால் கடைசியில் வரப்போகும் நிறத்துக்கு மிகக் கிட்டவாக இருக்கும். தம்பியின் கடல்நிறக் கட்டைக்கு வெள்ளை, கறுப்பு, கடும் நீலம் மூன்றையும் இப்படி வைத்துப் பார்த்தோம். வெள்ளையில் அது பிளாஸ்டிக் வாளி மாதிரி ஆகிவிட்டது. கடும் நீலத்தில், கோணேசர் கோயிலடியில் நின்று சுவாமி மலைக்குக் கீழே பார்க்கும் கடல் அப்படியே வந்தது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

வெள்ளைப் பெயின்டை டியூப்பில் மட்டும் பூசி ஐந்து நிமிட எபொக்சியால் ஒட்டியவர்களுக்கு இன்னொன்று: அந்த எபொக்சிக்கு இயல்பிலேயே ஒரு மஞ்சள் சாயல் உண்டு, காலம் போகப் போக அது அதிகமாகும். கடும் நிறங்களுக்கு எபொக்சிக்கே நிறம் ஏற்றலாம். பெயின்டைக் கலந்தால் எபொக்சி இறுகாமல் போகலாம், உலர்ந்த தூள்தான் நல்லது. சீமெந்துத் தரைக்குப் போடும் சிவப்புத் தூளும் கறுப்புத் தூளும் ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும். ஒரு சிட்டிகை போதும்.

முனையில் வளையம், அல்லது மெருகேற்றியபின் முனையிலிருந்து பரவும் கறை

டியூப் ஒட்டிய கட்டையின் முனையை டியூப்புக்குச் செங்குத்தாகச் சீவித் தட்டையாக்கும்போது பெயின்ட் விளிம்பில் சிதறியிருக்கும். கருவியின் பல் மழுங்கியிருந்தால் கட்டாயம் சிதறும். சிதறிய இடத்தை ஊசி நுனியால் பெயின்ட் தொட்டு நிரப்பிக் காயவிடுங்கள். அப்புறம் கடையுமுன் இரு முனையிலும் மெல்லிய சூப்பர் குளூவை ஒரு வளையமாக விட்டு அடைத்துவிடுங்கள். இந்த ஒரு வேலைக்கு அது நல்லது. அடைக்காமல் ஈரச் சான்ட் பேப்பரில் மெருகேற்றினால் தண்ணீர் விளிம்பு வழியே நீர்ப் பெயின்டுக்குள் ஊறி, கறை உள்ளே ஏறும். வறண்ட சான்ட் பேப்பரில் அழுத்தித் தேய்த்தாலோ சூட்டில் பெயின்ட் இளகும். மெருகேற்றும் கட்டையில் விரலை வைக்கச் சுட்டால், நிறுத்தி ஆற விடுங்கள்.

டியூப் உள்ளே சுழல்கிறது

பசை பெயின்டைப் பிடித்தது, பெயின்ட் பித்தளையைப் பிடிக்கவில்லை. மஞ்சள் கீற்றுக்குச் சொன்ன அதே தேய்ப்பும் துடைப்பும்தான் இதற்கும். பெயின்ட் நன்றாகக் காய்ந்தபின் அதன் பளபளப்பையும் மெல்லச் சொரசொரப்பாக்கிவிட்டு ஒட்டுங்கள்.

பூட்டும்போது பேனை வெடித்தது

எல்லாம் அழகாக முடிந்து, கடைசி அழுத்தத்தில் டிக்கென்று ஒரு சத்தம். டியூப்பின் உள்ளே பெயின்டோ எபொக்சியோ படிந்திருக்கிறது. உள்ளே இறுகப் பொருந்தும் பாகங்களுக்கு அந்த மெல்லிய படிவே போதும், டியூப்பை விரித்து அக்ரிலிக்கைப் பிளந்துவிடும். ஈர்க்கு நுனியில் மெழுகு வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பசை போடும்போது டியூப்பின் முனையை அடைக்க இன்னொரு வழி உண்டு. உருளைக்கிழங்கை அரை விரல் தடிப்பில் வட்டமாக வெட்டிப் பலகையில் வைத்து, டியூப்பை நேரே அழுத்தினால் ஒரு சின்ன அடைப்பு உள்ளே மாட்டிக்கொள்ளும். இரு முனைக்கும் அப்படி அடைத்து, வெளியே ஒட்டிய ஈரத்தைத் துடைத்துவிட்டு எபொக்சி பூசுங்கள். அடுத்த நாள் கிழங்கு சுருங்கியிருக்கும், ஒரு ஆணியால் தள்ள வெளியே விழும். அதன்பின் சுருட்டிய சான்ட் பேப்பரை உள்ளே விட்டு நாலு சுற்று சுற்றி, பித்தளை எல்லாப் பக்கமும் மினுங்குகிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள். மினுங்கினால் பாகங்களை அழுத்திப் பூட்டலாம்.